கொடைக்கானலில் இலையுதிர்காலம் இல்லை

ஈஜிபுராவில் அக்டோபர் மாதம் எப்படி வரும் என்பதை அங்கு குடியிருக்கும் எவரும் அறிவர். பிற்பகல்வரை வெயில் காயும். மாலையில் வானம் கறுத்து, இடி இடித்து, ஒரு மணி நேரத்தில் தாழ்வான தெருக்களில் நீர் தேங்கிவிடும். 2017இல் பணி தொடங்கி ஆண்டுக்கணக்கில் முடியாமல் நின்ற மேம்பாலத்தின் தூண்களுக்கு அடியில் இருசக்கர வண்டிகள் ஒதுங்கும். ஒற்றை அறைகளில் வாடகைக்கு இருக்கும் தமிழ் மாணவர்களிடம் ஊரிலிருந்து பேசும் தாய்மார், "ஐப்பசி அடைமழை, நனையாமல் போய் வா" என்பர். அதே மாணவர் மறுநாள் தமிழில் ஒரு கட்டுரை எழுத அமர்ந்தால், அக்டோபர் 'இலையுதிர்காலம்' ஆகிவிடுகிறது. சன்னலுக்கு வெளியே மழை கொட்டுகிறது. கட்டுரைக்குள் இலை உதிர்கிறது.

இதைச் சொற்பிழை என்று சிரித்துக் கடந்துவிடலாம். கடக்கக் கூடாது என்பதே இப்பதிவின் வாதம். ஒரு பருவத்தின் பெயரை இழந்த மொழி, அந்தப் பருவத்தைப் பற்றிய அறிவையும் மெல்ல மெல்ல வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுகிறது. அந்த ஒப்படைப்பு எங்கே மிகத் தெளிவாகத் தெரிகிறது என்றால், தமிழ்நாட்டின் மலையுச்சிகளில் இருக்கும் வானிலை நிலையங்களில்தான்.

ஈஜிபுராவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், கோரமங்கலாவில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தலைமையகம் இருக்கிறது. 1971இல் தன்னாட்சி பெற்ற அந்நிறுவனத்தின் வேர் பெங்களூரில் இல்லை. பழனி மலையின் மேல், 2343 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானல் ஆய்வகத்தில் இருக்கிறது. அந்த ஆய்வகம் ஏன் தோன்றியது என்பதை நினைவில் கொள்ளவேண்டும். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய பெரும் பஞ்சத்திற்குப் பின், மழை ஏன் பொய்க்கிறது என்ற வினாவுக்குச் சூரியனிடம் விடை இருக்கக்கூடும் என்று அன்றைய அறிவியலாளர் கருதினர். சூரியனைத் தொடர்ந்து நோக்கவேண்டும் என்று பஞ்ச ஆணையம் பரிந்துரைத்தது. சார்லஸ் மிச்சி ஸ்மித் இடம் தேடிக் கொடைக்கானலைத் தேர்ந்தார். 1895இல் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899இல் ஆய்வகம் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பொறுப்பில் இயங்கத் தொடங்கியது. 1909இல் ஜான் எவர்ஷெட், சூரியக் கரும்புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்ததும் அங்கேதான். சூரியனின் அன்றாடப் படங்கள் 1904 முதல் அங்கே சேர்ந்துள்ளன.

இந்த வரலாற்றைச் சொல்வோர் ஒன்றை மட்டும் மறந்துவிடுகின்றனர். 1876இல் சென்னை மாகாணத்தைக் கொன்றது தென்மேற்குப் பருவமழையின் தோல்வி மட்டுமன்று. அதைத் தொடர்ந்து அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்திருக்கவேண்டிய மழையும் பொய்த்தது. கொடைக்கானல் ஆய்வகம், ஒரு வகையில், பெய்யாமற்போன ஒரு கூதிர்காலத்தின் நினைவுச்சின்னம்.

கூதிர் என்ற சொல்லை இங்கே விளக்கவேண்டியிருப்பதே வழக்கின் முதற்சான்று. தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தது: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இவற்றுள் கூதிர், ஐப்பசியும் கார்த்திகையும். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய பொழுதை வகுத்தபோது, கூதிரை மலைநிலமாகிய குறிஞ்சிக்கு உரித்தாக்கியது; அதனுடன் யாமம் என்ற நள்ளிரவையும் சேர்த்தது. முன்பனியும் குறிஞ்சிக்கு உரியதே. மலையுச்சியில் அக்டோபர், நவம்பர் மாதங்களின் வாழ்வையும் வானையும் பற்றி எழுத வருபவருக்குத் தமிழ் இலக்கணம் தலைப்பையே எழுதி வைத்திருக்கிறது. அந்தத் தலைப்பை அழித்துவிட்டு, லண்டன் பூங்காக்களிலிருந்து ஒரு தலைப்பைக் கடன்வாங்குவதைப் புலமை என்று எவ்வாறு சொல்வது?

கடன்வாங்கிய சொல் பொருந்தினால்கூட வாதம் இல்லை. அது பொருந்தவே இல்லை. மிதவெப்ப நாடுகளில் மரங்கள் இலையுதிர்க்கக் காரணம் பகற்பொழுது விரைந்து சுருங்குவதும், அதனோடு வரும் குளிரும். லண்டனில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது மணி நேர வேறுபாடு உண்டு. வடக்கு அகலாங்கு பத்துப் பாகையை ஒட்டிய கொடைக்கானலில் அவ்வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மிகுதி. அங்குள்ள சோலைக்காடுகள் என்றும் பசுமை மாறாதவை. ஐரோப்பியர் கொண்டுவந்து நட்ட பேரி போன்ற சில மரங்கள் இலை உதிர்க்கலாம். அவை அந்த மலையின் பருவத்துக்குச் சாட்சிகள் ஆகா. தமிழ்நாட்டில் உண்மையாகவே இலை உதிர்க்கும் காடுகள் மலையடிவாரத்து வறண்ட காடுகள். அவை உதிர்ப்பதோ தை முதல் பங்குனி வரையிலான வறட்சியில். அதாவது, அக்டோபரை 'இலையுதிர்காலம்' என்று எழுதும் தமிழ் நூல், இலை துளிர்த்து நிற்கும் மாதத்திற்கு இலை உதிரும் பெயரையும், இலை உதிரும் மாதங்களுக்கு 'வசந்தம்' என்ற பெயரையும் சூட்டிவிடுகிறது. தாவரவியல் மாணவர் ஒருவர் விடைத்தாளில் இப்படி எழுதினால் மதிப்பெண் குறையும்; மொழிபெயர்ப்பாளர் எழுதினால் கலைச்சொல் ஆகிறது.

அந்த மலையில் அப்பருவத்தில் உண்மையில் நிகழ்வது என்ன? அக்டோபர் தொடக்கத்தில் விடியற்காலை பெரும்பாலும் தெளிந்திருக்கும். கீழே இரண்டாயிரம் மீட்டர் ஆழத்தில் சமவெளி. சில நாள்களில் சமவெளியே தெரியாமல் மேகப்பரப்பு மட்டும் வெண்மையாக விரிந்து கிடக்கும். கதிரவன் ஏற ஏற மலைச்சரிவு சூடேறி, காற்று சரிவின் வழியே மேலேறும். அதனுடன் ஏறிவரும் ஈரம் குளிர்ந்து மேகமாகும். நண்பகலுக்குள் உச்சியே மேகத்துக்குள் இருக்கும். சமவெளியில் நிற்பவர் மலைமேல் மேகம் என்பார், மலைமேல் நிற்பவர் மூடுபனி என்பார், இரண்டும் ஒன்றே. மாலையில் இடியுடன் மழை. ஐப்பசி முதிர்ந்து வாடை நிலைகொண்டபின் இந்த நாடகமும் மாறும். இடி குறைந்து, நாள் முழுதும் நூலிழையாகத் தூறல் விழும். கொடைக்கானலில் ஆண்டின் மிக மிகுந்த மழை பெறும் மாதம் அக்டோபர்.

இந்த நாள்களில் ஒரு நோக்கரின் வேலை எத்தகையது என்று எண்ணிப் பார்க்கவேண்டும். காலை எட்டரை மணிக்கு மழைமானியின் குடுவையை எடுத்து, முந்தைய இருபத்துநான்கு மணி நேர மழையை அளக்கவேண்டும். ஸ்டீவன்சன் பெட்டி எனப்படும் வெள்ளை மரக்கூண்டின் கதவைத் திறந்து, உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானிகளைப் படிக்கவேண்டும். உச்சி மேகத்துக்குள் இருக்கும் நாளில் இரண்டும் ஒரே அளவையே காட்டும். காற்று இனி ஒரு துளி ஈரத்தையும் ஏற்காது என்பது அதன் பொருள். மூச்சுக்காற்று பட்டால் அளவு கூடிவிடும். கண்ணாடியில் ஆவி படரும். விரைந்து படித்துக் கதவை மூடவேண்டும். வானத்தின் எத்தனை எட்டில் பங்கு மேகம் என்று எழுதவேண்டிய கட்டத்தில், வானமே தெரியவில்லை என்பதற்கான குறியீடு இடம்பெறும். வெயில்நேரப் பதிவியின் கண்ணாடிக் கோளத்துக்குப் பின்னாலுள்ள அட்டை, வெயில் பட்டிருந்தால் கருகிய கோடு காட்டும். கூதிர் நாளில் மாலையில் எடுத்த அட்டை காலையில் வைத்தபடியே இருக்கும். திரும்பும் வழியில் காட்டெருமை ஒன்று புகைமூட்டம்போன்ற மேகத்திலிருந்து வெளிப்பட்டு நிற்கக்கூடும். சூரியப் படங்களின் வரிசையில் வெற்றிடமாகும் நாளே வானிலைப் பதிவில் நிறைந்த நாள். இந்த வாழ்வை 'இலையுதிர்காலம்' என்ற தலைப்பின்கீழ் எழுதினால், எழுதப்பட்டது எந்த மலை?

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். 'சொல் எதுவானால் என்ன? அளவுகள் சரியாக இருந்தால் போதும்' என்பர். வானிலையியலே இதற்கு நல்ல மறுப்பு. காற்றழுத்தத்தை ஊருக்கு ஊர் ஒப்பிடுவதற்காக ஒவ்வொரு நிலையமும் தன் அளவைக் கடல்மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிடுவது வழக்கம். மலையுச்சியின் அழுத்தத்தைக் கடல்மட்டத்துக்கு மாற்றவேண்டுமானால், இடையில் இல்லாத ஒரு காற்றுத்தூணை, மலை இருக்கும் இடத்தில் கற்பனை செய்யவேண்டும். உயர்ந்த நிலையங்களுக்கு அந்தக் கணக்கு நம்பத்தக்கதன்று. ஆகவே அவை கடல்மட்ட அழுத்தத்தைச் சொல்லாமல், குறித்த ஓர் அழுத்தமட்டம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அறிவிக்கின்றன. மலையைச் சமவெளியாக்கிச் சொன்னால் பொய்யாகும் என்று எண்களின் அறிவியல் ஏற்றுக்கொண்டுவிட்டது. சொற்களின் அறிவியல் மட்டும் இன்னும் ஏற்கவில்லை.

'இலையுதிர்காலம்' மொழிபெயர்ப்பாளர்களின் சோம்பல். அதைவிடப் பெரிய பிழை நிறுவனங்களுடையது. இந்திய வானிலை ஆய்வுத் துறை ஆண்டை நான்காகப் பகுக்கிறது: சனவரி, பிப்ரவரி குளிர்காலம், மார்ச் முதல் மே வரை பருவமழைக்கு முந்தைய காலம், சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக்காலம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பருவமழைக்குப் பிந்தைய காலம். இந்தக் கடைசிப் பெயரைத் தமிழ்நாட்டில் நின்று வாசிக்கவேண்டும். ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைப் பெறும் மூன்று மாதங்களுக்கு, மழை முடிந்த காலம் என்று பெயர்! 1875இல் கல்கத்தாவில் தோன்றி, சிம்லா, பூனா வழியாக 1944இல் தில்லி சேர்ந்த ஒரு துறையின் கண்ணில், அக்டோபர் என்பது வானம் தெளியும் மாதம். அந்த ஊர்களுக்கு அது உண்மை. உண்மையான ஒரு வட்டாரப் பெயர், நாடு முழுமைக்குமான பெயராகும்போது பொய்யாகிறது.

துறைக்கு நியாயம் செய்யவேண்டும். தென்முனைப் பகுதிக்கு 'வடகிழக்குப் பருவமழை' என்ற பெயரையும் அது வழங்குகிறது. தமிழ்நாடு, கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமை ஆகியவற்றுடன், பெங்களூர் அடங்கிய தென் உள் கர்நாடகத்தையும் அதற்குள் சேர்த்துத் தனியே கணக்கிடுகிறது. ஆனால் தேசிய அளவிலான அட்டவணைகளிலும், அவற்றை அப்படியே எடுத்தாளும் ஆய்வேடுகளிலும் 'பிந்தைய காலம்' என்ற தலைப்பே நிலைத்துவிட்டது. தமிழ்ப் பாடநூல்களில் அது 'பின்னடையும் பருவக்காற்று' என்று வருகிறது. தமிழ்நாட்டு மாணவர், தம் வயலுக்கு நீர் தரும் காற்றைப் பின்னடைவு என்று மனப்பாடம் செய்கிறார். யாரிடமிருந்து பின்னடைகிறது? யாரை நோக்கி வருகிறது? அந்த வினைச்சொல்லுக்குள் ஒரு நிற்குமிடம் இருக்கிறது. அது தமிழ்நாடு இல்லை. தமிழிலோ வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல். இரண்டும் வரும் காற்றின் பெயர்கள். திரும்பும் காற்றின் பெயர்கள் அல்ல.

இதில் உயிர்ப் பிரச்சினை ஏதும் இல்லை என்று எவரேனும் கருதினால், 2009 நவம்பரை நினைவுபடுத்தவேண்டும். நவம்பர் 10ஆம் நாள் காலையுடன் முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் நீலகிரியின் கேத்தியில் 820 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2018 நவம்பர் 16 அன்று வேதாரணியம் அருகே கரையேறிய கஜா புயல், டெல்டாவைச் சிதைத்தபின் மேற்கே நகர்ந்து கொடைக்கானல் மலைச்சாலைகளை மரங்களாலும் மண்சரிவாலும் அடைத்தது. தமிழகத்தின் மலைகள் மனிதரைக் கொல்லும் பருவம் இதுவே. ஏற்கெனவே நனைந்த மண்ணின்மேல் விழும் மழை இது. இரண்டாம் மழை என்பதாலேயே கொடியது. இதைப் 'பிந்தைய காலம்' என்றோ, மஞ்சள் இலைகள் மெல்ல விழும் ஒரு காலம் என்றோ பெயரிட்டு அழைக்கும் சமூகம், தன் மலைவாழ் மக்களிடம் எந்த எச்சரிக்கையைச் சொல்ல இயலும்? சொற்கள் மட்டும் நிலச்சரிவைத் தடுத்துவிடா. ஆனால் ஓர் இடரைச் சரியான பெயரால் அழைக்கத் தெரியாத மொழியில் எழுதப்படும் எச்சரிக்கை, வாசிப்பவரின் நெஞ்சில் பாதி வழியே போகிறது.

'பனி' என்ற சொல்லுக்கு நேர்ந்த கதியும் இதுவே. விடியலில் புல்லில் நிற்கும் நீர்த்துளி, காற்றில் மிதக்கும் மூடுபனி, டிசம்பர், சனவரி இரவுகளில் தெளிந்த வானின்கீழ் புல்லை வெளுப்பாக்கும் உறைபனி, இமயத்தில் விழும் வெண்பனி ஆகிய நான்கையும் செய்தித்தாள்கள் 'பனிப்பொழிவு' என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிட்டன. கொடைக்கானலில் பனிப்பொழிவு என்ற தலைப்பைப் படித்து, வெண்பனியை எதிர்நோக்கி மலையேறும் குடும்பங்கள் ஆண்டுதோறும் உண்டு. உறைபனி உருவாகத் தெளிந்த வானமும் அடங்கிய காற்றும் வேண்டும். மூடுபனிக்கு ஈரம் நிறைந்த காற்று வேண்டும். உருளைக்கிழங்கு பயிரிட்டவருக்கு ஒன்று இழப்பு, மற்றொன்று வெறும் குளிர். இவ்வேறுபாட்டைச் சொல்லத் தமிழில் சொல் இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. மூடுபனி, உறைபனி, மஞ்சு, எழிலி, கொண்மூ என அடுக்கலாம். இருக்கும் சொல்லைப் பயன்படுத்தாமல், இல்லாத வறுமைக்கு அழுவது புலமையாளர்க்கு அழகன்று.

இவ்வளவும் படித்தவுடன் ஒரு கூட்டம் மகிழ்ந்து எழும். 'பார்த்தீர்களா, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழன் வடகிழக்குப் பருவமழையைக் கணித்துவிட்டான்' என்று அடுத்த மணி நேரத்தில் பகிர்வுகள் பறக்கும். அக்கூட்டத்திடமும் இவ்வாதத்தை ஒப்படைக்க இயலாது. தொல்காப்பிய நூற்பா பெரும்பொழுதின் பெயரைச் சொல்கிறதே தவிர, மாதக்கணக்கைச் சொல்லவில்லை. ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிருக்கு வகுத்துக் காட்டியவர்கள் உரையாசிரியர்கள். மேலும், தமிழ் ஆண்டு விண்மீன்களை அடிப்படையாகக் கொண்டது. பருவங்களோ சூரியனுக்குப் புவி சாய்ந்திருக்கும் நிலையை ஒட்டி வருபவை. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வேறுபாடு விழுகிறது; இரண்டாயிரம் ஆண்டில் அது நான்கு வாரம் ஆகும். வடகிழக்குப் பருவமழை சராசரியாகத் தொடங்கும் அக்டோபர் 20ஐ ஒட்டி இன்று ஐப்பசி பிறக்கிறது என்ற அழகிய பொருத்தத்தை, சங்ககாலத்துக்கும் அப்படியே கொண்டுசென்று பெருமை பேசுவது கணக்கு அறியாமை. கூதிர் என்ற பகுப்பு ஒரு முன்கணிப்புக் கருவி அன்று. மழையும் குளிரும் வாடையும் ஒருங்கே வரும் ஒரு காலத்தை ஒரே அனுபவமாகக் கண்டு, அதற்கு ஒரு பெயர் வைத்த உற்றுநோக்கு அது. நெடுநல்வாடையை ஆராய்ச்சிக் கண்ணுடன் படிப்பவர் இதை உணர்வர். கூதிரின் ஈரம் கால்நடையை, பறவையை, குரங்கை, தெருவை, வீட்டுப் பொருள்களை என்ன செய்கிறது என்று அந்நூல் ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. அந்தப் பார்வைப் பழக்கமே மரபின் கொடை. பெருமை பேசுவோர் கொடையை விட்டுவிட்டு உறையை ஏந்தித் திரிகின்றனர்.

உற்றுநோக்கு என்றதும் அடுத்த வழக்குக்கு வரவேண்டியிருக்கிறது. இன்று எங்கும் தானியங்கி வானிலைக் கருவிகள் நிறுவப்படுகின்றன. இது வரவேற்கத்தக்கது. மனிதர் செல்ல இயலாத சரிவுகளிலும் அவை அளக்கும், நள்ளிரவிலும் உறங்கா, 2009 போன்ற ஓர் இரவில் அவை உயிர் காக்கும். ஆனால் கருவி வந்துவிட்டதால் நோக்கர் தேவையில்லை என்ற முடிவு, அறிவியலின் வரலாறு அறியாதவர் எடுக்கும் முடிவு. ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் சிகரத்தில் 1883 முதல் 1904 வரை மனிதர் தங்கி மணிக்கொருமுறை நோக்கிய நிலையம் ஒன்று இருந்தது. 1894 செப்டம்பரில், அங்கே சில நாள் உதவி நோக்கராக இருக்கச் சென்ற சி. டி. ஆர். வில்சன் என்ற இளைஞர், மேகத்தின்மேல் விழுந்த நிழல்களைச் சுற்றி ஒளிர்ந்த வண்ண வளையங்களைக் கண்டார். அவற்றை ஆய்வகத்தில் உருவாக்கிப் பார்க்க விரும்பியே அவர் செயற்கை மேகங்களைச் செய்யத் தொடங்கினார். அது முகிலறை என்ற கருவியாயிற்று. அணுத்துகள்களின் தடம் முதன்முதலில் கண்ணுக்குத் தெரிந்தது. 1927இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த வண்ண வளையத்தை அளக்க எந்தக் கருவியும் அன்று அங்கே இல்லை. பதிவேட்டின் 'குறிப்பு' என்ற கடைசிப் பத்திக்கு உரிய காட்சி அது. கொடைக்கானலின் கோக்கர் நடைபாதையில் முதுகுக்குப் பின்னே வெயிலும் எதிரே மேகமும் அமையும் நேரத்தில் அதே காட்சி தோன்றும்; அங்கே அது சுற்றுலாப் பயணியின் கைப்பேசிப் படமாக முடிகிறது.

அமெரிக்காவின் மவுண்ட் வாஷிங்டன் உச்சியில் 1932 முதல் இயங்கும் நிலையம், 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்றைப் பதிவு செய்து புகழ்பெற்றது. அந்நிலையத்தின் நோக்கர்கள் இன்றும் உச்சியில் முறைவைத்துத் தங்கி, அக்டோபரிலேயே கருவிகளின்மேல் உறையத் தொடங்கும் பனிக்கட்டியைத் தட்டி அகற்றுகின்றனர். தாம் கண்டதைத் தம் மக்களின் மொழியில், எளிய உரைநடையில் எழுதி வெளியிடுகின்றனர். அங்கே பருவத்தின் பெயர் அம்மலையின் பருவத்தோடு பொருந்துகிறது. எனவே எழுத்து மெய்யாகிறது. தமிழகத்தின் உச்சிகளில் நூற்றாண்டுக்கு மேல் மழைமானி சுமந்தவர்களின் எழுத்து எங்கே?

இந்த வினா புதியதும் அன்று. 1847இல் சென்னை வானாய்வகத்தைச் சார்ந்து தொட்டபெட்டா உச்சியில் வானிலை நோக்கல் தொடங்கியது. 1855இல் திருவிதாங்கூர் அரசின் வானாய்வாளர் ஜான் ஆலன் பிரவுன், அகத்தியமலையின் உச்சியில் ஒரு நிலையம் அமைத்தார். காட்டை வெட்டி வழி செய்து, கருவிகளைத் தோளில் சுமந்து ஏற்றியவர்கள் உள்ளூர்த் தொழிலாளர்கள். அவர் வெளியிட்ட ஆங்கில அறிக்கைகள் நூலகங்களில் இருக்கின்றன. சுமந்தவர்கள் அந்த மேகத்தை, அந்தக் காற்றை, அந்தக் குளிரை எந்தச் சொல்லால் அழைத்தார்கள் என்பதை அந்த அறிக்கைகளில் தேடினால் கிடைக்காது. தமிழின் முதல் இலக்கணியைத் தொன்மம் அமர்த்தியிருக்கும் மலை அது! அங்கே அளக்கப்பட்ட காற்றுக்கு அங்கே வழங்கிய பெயர் பதிவாகவில்லை. அன்று அது காலனிய ஆட்சியின் இயல்பு. இன்று, விடுதலைக்குப் பின், பல்கலைக்கழகங்கள் நிறைந்த நாட்டில், அதற்கு என்ன பெயர்?

இறுதியாக ஓர் எதிர்ப்பு எஞ்சும்: 'கூதிர் வழக்கொழிந்த சொல், மாணவர்க்குப் புரியாது.' பேருந்து, இணையம், காணொளி ஆகியவை எவருக்கும் தெரியாத சொற்களாகவே பிறந்தன. கூதிருக்கு அந்த இடர்ப்பாடும் இல்லை. மதுரை, தேனி வட்டாரங்களில் 'கூதல்' என்றால் குளிர், 'கூதக்காத்து' என்றால் குளிர்காற்று என்பது பள்ளி செல்லாத பாட்டிக்கும் தெரியும். ஈழத் தமிழிலும் கூதல் உயிரோடிருக்கிறது. கொடைக்கானல் மலையடிவாரத்தில் பேசப்படும் சொல்லை வழக்கொழிந்தது என்று தீர்ப்பு எழுதுபவர், தாம் வழக்கிலிருந்து ஒழிந்ததைச் சொல்லின்மேல் ஏற்றிவிடுகிறார்.

வேண்டுவன பெரியவை அல்ல. தமிழில் எழுதப்படும் பாடநூலும் ஆய்வேடும் தென்னகத்தின் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்தைக் கூதிர் என்று எழுதட்டும். 'இலையுதிர்காலம்' என்பதை இலை உதிரும் நாடுகளுக்கே விட்டுவிடட்டும். பன்னாட்டு அட்டவணைகளில் எண்களும் குறியீடுகளும் இன்றிருப்பதுபோலவே இருக்கட்டும். பெயர் மாற்றத்தால் ஒரு மில்லிமீட்டர்கூட மாறாது. மலைப்பகுதி எச்சரிக்கைகள் மூடுபனியையும் உறைபனியையும், முதல் மழையையும் நனைந்த மண்ணின்மேல் விழும் மழையையும் பிரித்துச் சொல்லட்டும். மொழியியல் மாணவர்கள் ஒரு கூதிர்காலமேனும் மலைக்குச் சென்று, நிலையங்களில் பணியாற்றி ஓய்வுபெற்றோரிடமும், தேயிலை, காய்கறித் தோட்டத் தொழிலாளரிடமும், பழங்குடியினரிடமும் மேகத்துக்கும் காற்றுக்கும் அவர்கள் வழங்கும் சொற்களைக் கேட்டுப் பதிவு செய்யட்டும். கருவிகள் பெருகட்டும், குறிப்புப் பத்தியை நிரப்ப ஒரு மனிதரும் அவருக்கு ஒரு மொழியும் எஞ்சியிருக்கட்டும்.

ஈஜிபுராவின் வாடகை அறைகளில் அடுத்த ஐப்பசியும் மழை கேட்கும். அப்போது தமிழில் எழுத அமரும் மாணவர், 'இலையுதிர்காலம்' என்று எழுதும் முன் ஒருமுறை சன்னலைத் திறந்து பார்த்தால் போதும்.

ஈஜிபுரா, பெங்களூரு